டிரம்ஸைக் கேட்டு மிடியில போட்டாச்சு, ஸ்கோர் வியூ மட்டும் ஏன் இப்படி வருது?

கேள்வி இதுதான்: ஒரு பாட்டோட டிரம்ஸ் பார்ட்டைக் கேட்டு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல மிடியா போட்டுட்டீங்க, பிளே பண்ணா அடி எல்லாம் சரியான இடத்துலதான் விழுது ஆனா மெஷின் வாசிக்கிற மாதிரி இருக்கு, சரி ஒரு டிரம்மர்கிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லலாம்னு ஸ்கோர் வியூவைத் திறந்தா ஷார்ப் குறியும் (#) ரெஸ்ட்டும் (மௌனக் குறி) கோட்டுக்குக் கீழ தொங்குற நோட்டுமா நிறைஞ்சு கிடக்கு, இதைச் சரி பண்ண ஏதாவது பட்டன் இருக்கான்னு கேக்குறீங்க. ஒரே பட்டன்ல ஆகாது. ஆனா ஏன் அப்படி வருதுன்னு புரிஞ்சுட்டா வேலை பாதி முடிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மிடி நோட்டுல இருக்கிறது ரொம்பக் கொஞ்சம் தகவல்தான். எந்த எண், எந்த நேரத்துல ஆரம்பிச்சுது, எவ்வளவு பலமா அடிச்சாங்க, எப்ப விட்டாங்க, அவ்வளவுதான். வாசிச்சதோட பதிவு அது. ஸ்கோர்ங்கிறது இனிமே வாசிக்கப் போறவர் கண்ணுல பார்த்த உடனே கை எங்க போகணும்னு தெரியறதுக்காக எழுதுறது. ரெண்டுக்கும் தேவை வேற வேற, காதுக்கு நல்லா இருக்கணும்னு நீங்க ஒரு ஸ்னேரை 15 மில்லிசெகண்ட் தள்ளி வச்சா அது கண்ணுக்கு அசிங்கமாத்தான் தெரியும். அதனால நான் எப்பவும் சொல்றது, ஒரு டிரம் பார்ட்டுக்கு ரெண்டு டிராக் வச்சுக்கோங்க, ஒண்ணு கேக்குறதுக்கு, ஒண்ணு அச்சடிக்கிறதுக்கு. ஒண்ணையே ரெண்டுக்கும் இழுத்தா ரெண்டுமே கெடும். கீழ சொல்ற எல்லாமே இதை மனசுல வச்சுத்தான்.

முதல்ல உங்க ஸ்கோர்ல என்ன நடந்திருக்குன்னு பார்ப்போம். 1991ல வந்த ஜெனரல் மிடி ஸ்டாண்டர்டுல 10வது சேனல் பெர்கஷனுக்குன்னு ஒதுக்கியாச்சு, அதுல ஒவ்வொரு நோட் எண்ணும் ஒரு வாத்தியம். 36 கிக் (காலால மிதிக்கிற பெரிய டிரம்), 38 ஸ்னேர் (கையால அடிக்கிற முக்கிய டிரம்), 37 சைட் ஸ்டிக் (ஸ்னேர் விளிம்புல குச்சியால தட்டுறது, கிராஸ் ஸ்டிக்னும் சொல்வாங்க), 42 மூடின ஹைஹாட் (ஜோடி சிம்பல்), 44 கால்ல மிதிக்கிற ஹைஹாட், 46 திறந்த ஹைஹாட், 49 கிராஷ், 51 ரைடு, 53 ரைடு பெல். இந்த எண்களை சாஃப்ட்வேர் சுருதியா எடுத்துக்கிட்டு பாஸ் கிளெஃப்ல (தாழ்ந்த சுருதிக்கான குறி) வரைஞ்சா கிக் ஸ்டாஃபுக்கு, அதாவது அஞ்சு கோட்டுக்குக் கீழ ரெண்டு துணைக்கோடு போட்டுத் தொங்கும், 42ங்கிறது எஃப் ஷார்ப், 49ங்கிறது சி ஷார்ப், அதனால ஹைஹாட் வர்ற ஒவ்வொரு பார்லயும் (தாளச் சுற்று) ஷார்ப் குறி வந்து நிக்கும். நீங்க தப்பா எதுவும் போடல, சாஃப்ட்வேருக்கு இது டிரம்ஸ்னு தெரியல, அவ்வளவுதான். டிராக்கை டிரம் ஸ்டாஃபா மாத்தினா இது உடனே போயிடும்.

ரெஸ்ட் குவியலுக்குக் காரணம் நோட்டோட நீளம். டிரம் சாம்பிள் (முன்னாடியே ரெக்கார்ட் பண்ண அடிச் சத்தம்) பெரும்பாலும் ஒன்-ஷாட், அடிச்சா முழுசா ஒலிச்சு முடியும், நோட் எப்ப முடியுதுன்னு பெரும்பாலும் பார்க்கவே பார்க்காது. அதனால பேட்ல தட்டினாலோ டிரம் எடிட்டர்ல புள்ளி வச்சாலோ சில சமயம் ரொம்பக் குட்டியான நோட் பதிவாகும், காதுக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. ஸ்கோரோ அதை அப்படியே நம்பி, ஒரு 64ல் ஒரு பங்கு நோட்டு, அதுக்கப்புறம் மிச்ச இடத்தை நிரப்ப நாலஞ்சு ரெஸ்ட்டுன்னு வரையும். தேவையில்லாத டை (ரெண்டு நோட்டை இணைக்கிற வளைவு), புள்ளி வச்ச 32வது நோட்டு இதெல்லாம் மூணாவது காரணம், அடி கிரிட்ல (சாஃப்ட்வேரோட நேரக் கட்டம்) இருந்து கொஞ்சம் முன்ன பின்ன இருக்கிறது. இந்த மூணையும் பிரிச்சுப் பார்த்தா குழப்பமே இல்ல, கிளெஃப், நீளம், நேரம்.

இனி ஆரம்பத்துல இருந்து வருவோம், ஏன்னா கேட்டு எழுதுற இடத்துலயே பாதி பேர் சறுக்குறாங்க. எடுத்த உடனே அடியை எழுத ஆரம்பிக்காதீங்க, முதல்ல டெம்போ மேப், அதாவது பாட்டோட வேகம் எங்கெங்க எவ்வளவுங்கிற குறிப்பு. கிளிக் (மெட்ரோனோம்) வச்சு ரெக்கார்ட் பண்ண பாட்டுன்னா ஒரே பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) போதும், முதல் டவுன்பீட்டை (பாரோட முதல் பீட்) பார் கோட்டுல உக்கார வச்சு கடைசி கோரஸ் வரைக்கும் நகராம இருக்கான்னு பாருங்க, நகர்ந்தா பிபிஎம்ல ஒரு தசமம் மாத்தணும். கிளிக் இல்லாம வாசிச்ச பழைய ரெக்கார்டிங்னா டெம்போ ஏறி இறங்கும், அதுக்கு ரெண்டு பாருக்கு ஒரு தடவையாவது டவுன்பீட்டைக் குறிச்சு, கிரிட் ஆடியோ பின்னாடி போற மாதிரி செய்யணும். ஆடியோவை இழுத்து கிரிட்டுக்குக் கொண்டு வரக் கூடாது, அப்படிச் செஞ்சா அந்த டிரம்மர் வாசிச்ச வாசிப்பே போயிடும், நீங்க எழுத வந்ததே அதைத்தானே. டெம்போ கண்டுபிடிக்கிற கருவி சில சமயம் பாதியாவோ ரெட்டிப்பாவோ காட்டும், 75ஆ 150ஆன்னு. ஸ்னேர் 2லயும் 4லயும் விழற மாதிரி எண்ணிப் பாருங்க, பெரும்பாலான பாட்டுக்கு அதுதான் டிரம்மருக்குப் படிக்க வசதி, ஆனா ஹாஃப் டைம் கிரூவ்னா (பாதி வேகம் மாதிரி கேக்குற அடி முறை) ஸ்னேர் 3லதான் விழும், அதை 2, 4ஆ மாத்தி எழுதினா 16வது நோட்டெல்லாம் 32வதா மாறி பேப்பர் கறுத்துப் போயிடும்.

அடுத்தது பாட்டோட அமைப்பு. இன்ட்ரோ எத்தனை பார், வெர்ஸ் எத்தனை, கோரஸ் எங்க, மார்க்கர் போட்டுடுங்க. வெர்ஸ்ல 16 பார் இருந்தா அதுல 12 பார் ஒரே பேட்டர்னாத்தான் இருக்கும், எது மாறுதுன்னு தெரிஞ்சா போதும்.

அப்புறம் காது வேலை. இப்போ டெமக்ஸ், ஸ்ப்ளீட்டர் மாதிரி பிரிக்கிற கருவிகள் இருக்கு, சில ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்லயே உள்ளயே வந்துடுச்சு, குரல், டிரம்ஸ், பாஸ், மத்ததுன்னு நாலா பிரிச்சுக் குடுக்கும். கட்டாயம் பயன்படுத்துங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. பாடகரோட ஸகரம், ஷகரம் எல்லாம் சில நேரம் டிரம்ஸ் பக்கம் கசிஞ்சு ஹைஹாட் மாதிரி கேக்கும், ஸ்னேர்ல லேசா தட்டுற கோஸ்ட் நோட்டுகள் கிட்டார் சத்தத்தோட சேர்ந்து காணாமப் போகும், சிம்பலோட வால் தண்ணியில அமுங்கின மாதிரி ஆயிடும். பிரிச்ச டிராக்கையும் ஒரிஜினல் மிக்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மாத்தி மாத்திக் கேளுங்க, சந்தேகம் வந்தா ஒரிஜினல்தான் சாட்சி.

ஃபில்டர் வச்சுக் கேக்குறது பழைய வழி, இன்னைக்கும் அதுக்கு ஈடு இல்ல. கிக் மட்டும் வேணும்னா 120 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டுங்க, ஆனா பாஸ் கிட்டாரும் அங்கதான் இருக்கும், ரெண்டும் ஒண்ணா விழற இடத்துல கிக் இருக்கா இல்லையான்னு தெரியாது. அப்போ 2000ல இருந்து 5000 ஹெர்ட்ஸ் பக்கம் போய் பீட்டர் தோல்ல படுற அந்த கிளிக் சத்தத்தைத் தேடுங்க, அது பாஸ்ல வராது. ஹைஹாட்டுக்கு 7000 ஹெர்ட்ஸுக்குக் கீழ மொத்தமா வெட்டிட்டுக் கேட்டா 8வது நோட்டா 16வது நோட்டான்னு பளிச்சுனு தெரியும். ஸ்டீரியோவுல கிக்கும் ஸ்னேரும் பெரும்பாலும் நடுவுல இருக்கும், ஹைஹாட்டும் டாமும் (மத்த டிரம்கள்) ஓரத்துல, அதனால ஒரு சேனலைத் தலைகீழாக்கி இன்னொண்ணோட சேர்த்து மோனோவாக் கேட்டா நடுவுல இருக்கிறது அடங்கி ஓரம் மட்டும் மிஞ்சும், ஃபில்ல (பகுதிகளுக்கு நடுவுல வர்ற சின்ன அலங்கார அடிகள்) டாம் அடிகளைப் பிரிச்சுக் கேக்க இது ரொம்ப உதவும்.

வேகத்தைக் குறைச்சுக் கேக்குறதுல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியல. சுருதி மாறாம வேகம் குறைக்கிற டைம் ஸ்ட்ரெட்ச் டிரம்ஸுக்கு அவ்வளவு நல்லதில்ல, 50%க்குக் கீழ போனா அடியோட முனை மழுங்கி ஒரு அடி ரெண்டு அடியா கேக்கும், அதை ஃப்ளாம்னு (ரெண்டு குச்சியும் கிட்டத்தட்ட ஒண்ணா விழற அடி) நினைச்சு எழுதிடுவீங்க. டேப் மாதிரி சுருதியும் சேர்ந்து இறங்குற வேரிஸ்பீடு வச்சுப் பாருங்க, முனை முனையாவே இருக்கும், ஹைஹாட் ஒரு ஆக்டேவ் கீழ வந்து கைக்கு எட்டுற மாதிரி கேக்கும். கிக்குக்கு மட்டும் இது சரிப்படாது, 50 ஹெர்ட்ஸ்ல இருந்த கிக் 25க்குப் போனா சின்ன ஸ்பீக்கர்ல ஒண்ணுமே கேக்காது, அதுக்கு எதிர்ப்பக்கமா சுருதியை ஒரு ஆக்டேவ் ஏத்திக் கேளுங்க, கிக் பேட்டர்ன் அப்படியே மேல வந்துடும்.

தானா மிடியா மாத்துற வசதி பத்தி. ஏபிள்டன் லைவ்ல டிரம்ஸை மிடியாக்குற கட்டளை இருக்கு, லாஜிக்ல டிரம் ரீப்ளேஸ்மென்ட் இருக்கு, க்யூபேஸ்ல ஹிட்பாயிண்ட், ப்ரோ டூல்ஸ்ல பீட் டிடெக்டிவ். என் கருத்து, கிக்கும் ஸ்னேரும் தனித்தனி மைக்ல இருக்கிற மல்டிடிராக்னா இதெல்லாம் அருமை, பத்து நிமிஷத்துல முக்கால்வாசி வேலை முடியும். கலந்த ஸ்டீரியோ ஃபைல்னா அது குடுக்குறதைச் சரி பண்ற நேரத்துல நீங்களே கையால எழுதிடலாம். கோஸ்ட் நோட் த்ரெஷோல்டுக்கு (அடின்னு எடுத்துக்கிற குறைந்தபட்ச சத்த அளவு) கீழ போய் விட்டுப்போகும், த்ரெஷோல்டை இறக்கினா ஹைஹாட் கசிவெல்லாம் ஸ்னேரா பதிவாகும், 20, 30 மில்லிசெகண்ட் இடைவெளியில விழற ஃப்ளாம் ஒரே அடியா சேர்ந்துடும், கிராஷ் முழங்கிட்டு இருக்கும்போது கீழ நடக்குற எதையும் நம்ப முடியாது. கண்ணால சரிபார்க்கணும்னா சோனிக் விஷுவலைசர் மாதிரி ஒண்ணுல ஸ்பெக்ட்ரோகிராம் (சத்தத்தைப் படமா காட்டுறது) பாருங்க, ஆனா விண்டோ அளவை (ஒரு தடவைக்கு எடுத்துப் பார்க்கிற சத்தத் துண்டு) குறைச்சு வைங்க. 44,100 சாம்பிள் ரேட்ல 2048 சாம்பிள் விண்டோன்னா 46 மில்லிசெகண்ட், அதுக்குள்ள ஃப்ளாமோட ரெண்டு அடியும் ஒரே கறையாத்தான் தெரியும், 512 வச்சா கிட்டத்தட்ட 12 மில்லிசெகண்ட், அப்போ ரெண்டு கோடா பிரியும்.

இப்போ ஒரு பாரை எடுத்து முழுசா செஞ்சு பார்ப்போம், 96 பிபிஎம், 4/4. ஒரு பாரை 16 கட்டமா பிரிச்சுக்கோங்க, பீட்டுகள் 1, 5, 9, 13ல வரும். ஹைஹாட் 1, 3, 5, 7, 9, 11, 13ல மூடி, 15ல திறந்து. ஸ்னேர் 5லயும் 13லயும் பலமா, 8லயும் 10லயும் கோஸ்ட். கிக் 1, 7, 11. வாசிச்சுப் பார்த்தா ரொம்ப சகஜமான ஒரு கிரூவ். சீக்வென்சர்ல இது வெறும் 16 கட்டம், ஆனா பேப்பர்ல கையையும் காலையும் ரெண்டு குரலா பிரிச்சு எழுதணும், கையால அடிக்கிறதுக்குக் காம்பு (நோட்டோட செங்குத்துக் கோடு) மேல பார்த்து, காலால மிதிக்கிறதுக்குக் காம்பு கீழ பார்த்து. முதல் பீட்ல மேல ரெண்டு 8வது நோட் ஹைஹாட், கீழ ஒரு கால் நோட்டு கிக். ரெண்டாவது பீட்ல மேல ஹைஹாட்டும் ஸ்னேரும் ஒரே காம்புல ஒரு 8வது, அப்புறம் ஹைஹாட் ஒரு 16வது, கோஸ்ட் ஸ்னேர் ஒரு 16வது, கீழ 8வது ரெஸ்ட், 8வது கிக். மூணாவது பீட்ல மேல ஹைஹாட் 16வது, கோஸ்ட் 16வது, ஹைஹாட் 8வது, கீழ மறுபடி 8வது ரெஸ்ட், 8வது கிக். நாலாவதுல மேல ஹைஹாட்டோட ஸ்னேர், அப்புறம் திறந்த ஹைஹாட், கீழ கால் ரெஸ்ட்டு. பாருங்க, கோஸ்ட் நோட் உண்மையில ரொம்பக் கொஞ்ச நேரம்தான் ஒலிக்கும், கிக் கால் நோட்டு நீளத்துக்கெல்லாம் ஒலிக்காது, ஆனாலும் அடுத்த அடி வரைக்கும் அல்லது பீட் முடியுற வரைக்கும் நோட்டை நீட்டி எழுதுறோம், ரெஸ்ட்டு குறையுறதுக்காக. டிரம் நொட்டேஷன்ல நோட்டோட நீளம் அடுத்த அடி எங்கங்கிறதைத்தான் சொல்லுது, எவ்வளவு நேரம் ஒலிக்கணும்கிறதை இல்ல. இந்த ஒண்ணு பிடிபட்டா போதும், உங்க ரெஸ்ட் பிரச்சினை என்னன்னு தெளிவா விளங்கிடும்.

எந்த வாத்தியம் எந்தக் கோட்டுலன்னு கேட்டா, ஒரே உலக வழக்கம்னு கிடையாது, ஆனா பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1998ல நார்மன் வைன்பெர்க் எழுதின ஒரு வழிகாட்டியை வெளியிட்டாங்க, இன்னைக்கு பெரும்பாலானவங்க அதை ஒட்டித்தான் போறாங்க. கிக் கீழ இருந்து முதல் இடைவெளி, ஃப்ளோர் டாம் ரெண்டாவது இடைவெளி, ஸ்னேர் மூணாவது, சின்ன டாம் நாலாவது, ரைடு மேல் கோட்டுல, ஹைஹாட் அதுக்கு மேல, கிராஷ் இன்னும் மேல ஒரு துணைக்கோட்டுல, கால் ஹைஹாட் ஸ்டாஃபுக்குக் கீழ. சிம்பல் எல்லாத்துக்கும் பெருக்கல் குறி தலை. திறந்த ஹைஹாட்டுக்குத் தலைக்கு மேல சின்ன வட்டம், மூடினதுக்குக் கூட்டல் குறி, கோஸ்ட் நோட்டுக்கு அடைப்புக்குறி, கிராஸ் ஸ்டிக்குக்கு ஸ்னேர் இடத்துலயே பெருக்கல் குறி தலை, ஃப்ளாமுக்கு முன்னாடி ஒரு குட்டி கிரேஸ் நோட், டிராகுக்கு (drag, முன்னாடி ரெண்டு லேசான தட்டு வர்ற அடி) ரெண்டு. கூட்டல் குறியை ஒவ்வொரு ஹைஹாட்டுக்கும் போடாதீங்க, திறந்ததுக்கு அப்புறம் மூடுற இடத்துல மட்டும் போட்டா போதும். வழக்கத்துல இருந்து மாறி எங்கயாவது எழுதுறீங்கன்னா முதல் பக்கத்துல மேல எந்தக் கோடு எந்த வாத்தியம்னு ஒரு சின்ன விளக்கம் போட்டுடுங்க.

டிரம் மேப்புக்கு வருவோம், இதுலதான் நிறைய நேரம் வீணாகும். ஜெனரல் மிடி எண்கள் ஒரு அடிப்படைதான், ஒவ்வொரு டிரம் சாம்பிளரும் தன் பங்குக்கு எண்களைச் சேர்த்திருக்கும், கிக் 36, ஸ்னேர் 38 கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இருக்கும், ஹைஹாட்தான் பிரச்சினை. ரோலண்ட் எலக்ட்ரானிக் கிட்ல ஹைஹாட்டோட மேல்பரப்புக்கு 42, 46, விளிம்புக்கு 22, 26, எவ்வளவு திறந்திருக்குங்கிறது 4வது கன்ட்ரோலர் எண்ல தொடர்ச்சியா வரும், ஸ்னேர் ரிம் 40. இதை அப்படியே ஜெனரல் மிடி ஸ்கோர்ல போட்டா 22க்கும் 26க்கும் இடமே இருக்காது, 40 எலக்ட்ரிக் ஸ்னேர்னு வரும். அதனால அச்சுக்கான டிராக்ல முதல் வேலையா எல்லா வகை மூடின ஹைஹாட்டையும் 42க்கும், திறந்ததை 46க்கும் கொண்டு வந்துடுங்க, அரைகுறையா திறந்தது முக்கியம்னு பட்டா அதை மட்டும் தனிக் குறியா வைங்க. இன்னொரு சின்ன எச்சரிக்கை, 36ங்கிற அதே நோட்டை ஒரு சாஃப்ட்வேர் சி1ன்னும் இன்னொண்ணு சி2ன்னும் சொல்லும், நடு சியை எந்த எண்ணுல ஆரம்பிக்கிறாங்கங்கிற வித்தியாசம்தான், யார்கிட்டயாவது மேப் பத்திப் பேசும்போது எண்ணாவே சொல்லிடுங்க, சண்டையே வராது.

சரி, மெஷின் மாதிரி இருக்குன்னீங்களே. ஹியூமனைஸ் கட்டளையைத் தட்டிடாதீங்க, பெரும்பாலும் அது எல்லா நோட்டையும் கண்டபடி முன்ன பின்ன தள்ளும், டிரம்மர் யாரும் அப்படி வாசிக்கிறதில்ல. மனுஷன் வாசிப்புல இருக்கிற ஏற்ற இறக்கத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. வெலாசிட்டில (அடியோட பலத்தைக் குறிக்கிற எண்) ஆரம்பிங்க, நேரத்தை விட அதுதான் பெரிசு. மேல சொன்ன பார்ல பலமான ஸ்னேர் 110, 118 பக்கம், கோஸ்ட் 25ல இருந்து 40க்குள்ள, ஹைஹாட் பீட்ல விழறது 90, நடுவுல விழறது 65ன்னு வச்சுப் பாருங்க, கிரிட்டை விட்டு ஒரு நோட்டு கூட நகராமலே பாதி உயிர் வந்துடும். கோஸ்ட் நோட்டை 70ல வைக்கிறதுதான் நான் அதிகமாக் கேக்குற கோளாறு, 127 வரைக்கும் இருக்கிற அளவுல 70 ஒண்ணும் மெதுவான அடி இல்ல.

நேரம்னா, ஸ்னேர் பேக்பீட்டை (2லயும் 4லயும் விழற பலமான அடி) மட்டும் 8, 10 மில்லிசெகண்ட் பின்னாடி வச்சுட்டு ஹைஹாட்டை கிரிட்ல விடுங்க, பாட்டு சாஞ்சு உக்காரும். 96 பிபிஎம்ல ஒரு கால் நோட்டு 625 மில்லிசெகண்ட், கால் நோட்டை 960 டிக்கா பிரிக்கிற சாஃப்ட்வேர்ல ஒரு டிக் 0.65 மில்லிசெகண்ட், அதனால 10 மில்லிசெகண்டுங்கிறது ஏறக்குறைய 15 டிக். ஸ்விங், அதாவது ரெண்டுல ஒரு நோட்டைக் கொஞ்சம் தாமதமா விடுறது, இன்னும் முக்கியம். 1980ல வந்த எல்எம்-1 டிரம் மெஷின்ல ரோஜர் லின் கொண்டு வந்த அந்த வழிதான் இன்னைக்கும் எல்லா சாஃப்ட்வேர்லயும் சதவீதமா இருக்கு, 50%ன்னா நேரா, 66%க்குக் கொஞ்சம் மேல போனா முழு ட்ரிப்லெட் (மூணா சமமா பிரிக்கிறது). 96 பிபிஎம்ல 16வது நோட் ஸ்விங்கை 58% வச்சா ரெண்டாவது 16வது நோட் 25 மில்லிசெகண்ட் தள்ளி விழும், நம்ம பார்ல 8வது, 10வது கட்டத்துல இருக்கிற ரெண்டு கோஸ்ட் நோட்டு மட்டும்தான் நகரும், ஆனா மொத்த கிரூவும் மாறிடும். ஒரிஜினல் பாட்டுல அந்த கோஸ்ட் எங்க விழுதுன்னு அலைவடிவத்துல பெரிசாக்கி அளந்து, அதே சதவீதத்தைப் போடுங்க, ஊகிக்க வேண்டியதே இல்ல.

அப்புறம் ரெண்டு கை, ரெண்டு கால். கிராஷ் அடிக்கிற அந்த நொடியில ஹைஹாட் அடிச்ச கை கிராஷுக்குப் போயிருக்கும், அங்க ஹைஹாட் நோட்டை எடுத்துடுங்க. டாம் ஃபில் போகும்போது ஹைஹாட் ஓடிக்கிட்டே இருந்தா அது மூணாவது கை. திறந்த ஹைஹாட்டுக்கு அப்புறம் அது எங்க மூடுதுன்னு ஒரு 42 அல்லது 44 இருக்கணும், சாம்பிளர்ல அந்த மூணும் ஒரே சோக் குரூப்ல (ஒண்ணு ஒலிச்சா மத்தது நிக்கிற தொகுப்பு) இருந்தாத்தான் முந்தின சத்தம் அறுபடும். மெஷின் மாதிரி கேக்குற டிரம் புரோகிராமிங்ல பெரும்பாலும் இந்த மாதிரி வாசிக்க முடியாத இடங்கள்தான் இருக்கும், காது அதைக் காரணம் சொல்லத் தெரியாமலே கண்டுபிடிச்சுடும். ஸ்கோர் டிரம்மர் கையில போறப்ப அவரும் முதல்ல கேக்குறது இதைத்தான்.

இனி அச்சுக்கான டிராக். கேக்குற டிராக்கை டூப்ளிகேட் பண்ணி அந்த நகலை மியூட் பண்ணிடுங்க. அதுல ஸ்விங்கை எடுத்துட்டு 100% குவாண்டைஸ் (நோட்டுகளை கிரிட்ல சரியா உக்கார வைக்கிறது), ட்ரிப்லெட் ஃபில் இருக்கிற பார்களுக்கு மட்டும் தனியா ட்ரிப்லெட் கிரிட், மொத்தமா ஒரே கிரிட்ல அடிச்சா ட்ரிப்லெட் எல்லாம் 16வதா உடைஞ்சு போகும். ஃப்ளாமோட முதல் அடியை அழிச்சுட்டு பின்னாடி கிரேஸ் நோட்டா கையால போடுங்க. கிக்கையும் கால் ஹைஹாட்டையும் ரெண்டாவது குரலுக்கு மாத்துங்க, அப்புறம் ஒவ்வொரு நோட்டையும் மேல சொன்ன மாதிரி அடுத்த அடி அல்லது பீட் முடியுற வரைக்கும் நீட்டுங்க. லாஜிக்ல டிரம்ஸுக்குன்னு மேப் பண்ண ஸ்டாஃப் ஸ்டைல் இருக்கு, அதோட இன்டர்பிரட்டேஷன்கிற ஆப்ஷனை ஆன் பண்ணா குட்டி நோட்டுகளை அதுவே நீட்டிக் காட்டும், மிடியைத் தொடாது. க்யூபேஸ்ல டிரம் மேப்தான் எல்லாம், 2024ல வந்த 14வது பதிப்புல இருந்து ஸ்கோர் எடிட்டரே டோரிகோங்கிற நொட்டேஷன் சாஃப்ட்வேரோட அடிப்படையில மாறிடுச்சு, படிக்கிற மாதிரி வருது. ரீப்பர்ல நொட்டேஷன் எடிட்டர் இருக்கு, சாதாரண வேலைக்குப் போதும். ஏபிள்டன் லைவ்ல ஸ்கோர் வியூவே கிடையாது, மிடி ஃபைலா எடுத்து வெளியதான் போகணும்.

எனக்குக் கேட்டா, கடைசி பக்கத்தை மியூஸ்ஸ்கோர்லயோ டோரிகோவிலயோதான் செய்யணும். மியூஸ்ஸ்கோரும் நொட்டேஷன் சாஃப்ட்வேர்தான், இலவசம். ஃபினாலேங்கிற பழைய நொட்டேஷன் சாஃப்ட்வேர்ல பழகினவங்களுக்கு ஒரு தகவல், 2024 ஆகஸ்ட்ல அதை நிறுத்துறதா அறிவிச்சுட்டாங்க, புதுசா கத்துக்கிறவங்க அதுல ஆரம்பிக்காதீங்க. சாஃப்ட்வேர்ல இருந்து சாஃப்ட்வேருக்கு ஸ்கோர் போகணும்னா மியூசிக்எக்ஸ்எம்எல்லா (ஸ்கோரை அப்படியே கொண்டு போற ஃபைல் வகை) எடுங்க, மிடி ஃபைல்ல நோட் தலை வடிவம், ரிபீட் குறி, ஒரே வாத்தியத்துக்குள்ள மேல் குரல் கீழ் குரல்னு எதுவும் வராது. ஆனா உண்மையைச் சொன்னா, பேட்டர்ன் ரெண்டு மூணுதான் இருக்கிற பாட்டுன்னா இம்போர்ட் பண்ணி சுத்தம் பண்றதை விட நொட்டேஷன் சாஃப்ட்வேர்ல நேரா தட்டிடுறது வேகம்.

டிரம்மருக்கு எவ்வளவு எழுதணும்கிறதையும் யோசிங்க. படிச்சுப் பழகுறவங்களுக்கு, மாணவர்களுக்கு, ஒரு வாசிப்பை அப்படியே திரும்ப வாசிக்கப் போறவங்களுக்கு, ஒவ்வொரு கோஸ்ட் நோட்டும் வேணும். ஸ்டூடியோவுலயோ மேடையிலயோ முதல் தடவை பார்த்து வாசிக்கப் போறவருக்கு அது பாரம். அவருக்கு கிரூவை ஒரு பார் தெளிவா எழுதி, அடுத்த பார்கள்ல ரிபீட் குறி போட்டு, நாலு பாருக்கு ஒரு தடவை மேல எண் போட்டு, பேண்ட் சேர்ந்து அடிக்கிற இடங்களை மட்டும் ரிதமா எழுதி, ஃபில் வர்ற இடத்துல ஃபில்னு மட்டும் போட்டா போதும், பாட்டோட அடையாளமா இருக்கிற ஃபில்லை மட்டும் முழுசா எழுதுங்க. ஸ்விங் பாட்டுன்னா நேரா எழுதிட்டு மேல ஸ்விங்னு ஒரு வார்த்தை, ட்ரிப்லெட்டா எழுதாதீங்க. ஸ்னேர் பின்னாடி சாயணும்னா அதையும் வார்த்தையாத்தான் எழுதணும், அதுக்கு நோட்டு கிடையாது. ஒரு வரிக்கு நாலு பார், புது செக்‌ஷன் புது வரியில, பக்கம் திருப்புற இடம் ஃபில் நடுவுல வராம, இதெல்லாம் சின்னதாத் தெரியும், வாசிக்கிறவருக்கு இதுதான் பெரிசு.

அனுப்பும்போது பிடிஎஃப் கூட டிரம்ஸ் இல்லாத மிக்ஸ் ஒண்ணு, கிளிக் டிராக் தனியா ஒண்ணு, நீங்க கேக்குறதுக்காக செஞ்ச அந்த மிடி டிரம்ஸ் வச்ச மிக்ஸ் ஒண்ணு, எல்லாமே ஒரே இடத்துல ஆரம்பிக்கிற மாதிரி எடுங்க. ரெண்டு பார் கவுன்ட் இன் (ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எண்ணுற கிளிக்) வச்சா ஸ்கோர்ல பார் எண் 1ங்கிறது சாஃப்ட்வேர்ல 3வது பார்ல இருக்கும், அதை முன்னாடியே சரி பண்ணி ரெண்டுலயும் ஒரே எண் வர்ற மாதிரி வைங்க, 47வது பார்ல கிக் மாத்துங்கன்னு நீங்க சொன்னா அவர் பேப்பர்லயும் அது 47ஆவே இருக்கணும். கிரூவ்ல ஹைஹாட்டைச் சரி பண்றதுல எங்கயாவது மாட்டினா அந்த பாரோட மிடியையும் ஆடியோவையும் போடுங்க, கேட்டுப் பார்த்து சொல்றேன்.